அட்டையிலே தேன்கூடு!

படம் அழகான படம். கையிலே புத்தகம் ஏந்தி நிற்கிறாள் ஓர் இளநங்கை. அவள் அருகே ஒரு தேன்கூடு. பின்னணியிலே பள்ளிக்கூடம், மாதாகோவில், பஞ்சாலை. அமெரிக்க நாட்டு மாசாசூசெட்ஸ் மாநிலத்திலே, லோவெல் என்னும் ஆலை நகரிலே, ஆலைப் பெண்களே எழுதி வெளியிட்ட 'லோவெல் ஆபரிங்' என்ற ஏட்டின் அட்டைப்படம் அது, ஆண்டு 1845. தேன்கூடு உழைப்புக்கும் அறிவுக்கும் சின்னமாம்! ஏட்டை நடத்தியவர்களே அப்படி விளக்கம் தந்திருக்கிறார்கள்.

சின்னம் பொருத்தமானதுதான், அவர்கள் எண்ணியதைவிடப் பொருத்தமானது! தேனீ பறக்கிறது, திரட்டுகிறது, கூட்டிலே சேர்க்கிறது. சேர்த்த தேனைக் குடத்திலே வடித்துக்கொண்டு போகிறவன் வேறொருவன். அவன் அட்டைப்படத்திலே இல்லை. ஏட்டின் உள்ளேயாவது இருக்கிறானா என்று தேடத்தான் இந்த விமர்சனம்.

ஆலைத் தொழிலாளர் இலக்கியம் என்று பேச்செடுத்தாலே மேல்நாட்டு அறிஞர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த ஏட்டைத்தான். 1842 ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பயணம் மேற்கொண்ட ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், லோவெலுக்கும் சென்றார். பெண்களின் விடுதிகளிலே பியானோ இருக்கக் கண்டார். நூலகங்களுக்கு அவர்கள் சந்தா கட்டுவதைக் கேட்டறிந்தார். அவர்களே ஒரு பத்திரிகையும் நடத்துவதை அறிந்து வியந்தார். 400 பக்கம் கொண்ட இதழ்த் தொகுதியைக் கையோடு எடுத்துச் சென்று, முதலிலிருந்து கடைசி வரை படித்ததாக எழுதியிருக்கிறார். 1844 இலே, இலண்டனிலே, அந்த ஏட்டிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் 'கதிர்களுக்கிடையே அறிவு' என்று பொருள்படும் தலைப்பில் நூலாகவும் வந்தன. ஆலைப் பெண்ணுக்கு அறிவா! சீமாட்டிகள் வியந்தனர், சீமான்கள் மெச்சினர்.

இந்த வியப்பையே நாம் முதலில் ஐயுற வேண்டும். ஒருவன் எழுதியதைக் கண்டு, 'ஆகா, இவனுக்கும் எழுத வருகிறதே!' என்று ஒருவர் கூறினால், அது பாராட்டன்று. இழிவு, பாராட்டு உடை உடுத்தி வந்திருக்கிறது. நமக்கு இது புரியாத செய்தியா?

ஆனாலும் அந்தப் பெண்கள் அந்தப் பாராட்டுக்கு ஏங்கியதன் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் மீது தீர்ப்புக் கூறுவது முறையாகாது. பிரிட்டனிலே விசைத்தறியைக் கண்ணால் பார்த்து, மனத்திலே பதித்துக்கொண்டு திரும்பிய பாஸ்டன் வணிகர் பிரான்சிஸ் கேபட் லோவெல், 1813 இலே வால்த்தம் என்ற ஊரிலே தம் நண்பர்களோடு கம்பெனி தொடங்கினார். 1817 இலே அவர் மறைந்தார். கூட்டாளிகள் மெரிமாக் ஆற்று நீர்வீழ்ச்சியின் அருகே புதிய ஆலைகள் எழுப்பி, ஊருக்கு அவர் பெயரையே சூட்டினர். ஆலைக்கு ஆள் வேண்டும். இங்கிலாந்து ஆலைகளின் அவலத்தைக் கேட்டறிந்திருந்த குடியானவர் தம் பெண்களை எளிதிலே அனுப்புவார்களா? எனவே, முதலாளிகள் ஆலையோடு விடுதியும் கட்டினர். விடுதிக்கு ஓர் அம்மையார் பொறுப்பு; இரவு 10 மணிக்குக் கதவடைப்பு; ஞாயிறுதோறும் மாதாகோவில் கட்டாயம்; நடத்தை தவறினால் வேலை போகும். ஒரு கம்பெனி விரட்டிய பெண்ணை மற்றொரு கம்பெனி ஏற்காது. தந்தையின் கண்காணிப்பைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்துக்கொண்டது என்க!

நியூ இங்கிலாந்துப் பகுதியின் குடியானவர் வீட்டுப் பெண்கள் வந்தனர். தம்பியின் படிப்புக்கு, தந்தையின் கடனுக்கு, தம் திருமணத்துக்கு என்று பணம் சேர்க்க வந்தனர். தம் கையிலே தம் காசு என்பதை முதன்முதலாகக் கண்டவர்கள் அவர்கள். அந்தக் காசின் ஒலியைக் கேலி பேச நமக்கு உரிமையில்லை.

அவர்களை இழிவாகப் பேச ஊரிலே நாக்குகள் நீண்டன. ஏழைகளின் சார்பிலே எழுதிய ஓரெஸ்டிஸ் பிரவுன்சன் என்ற அறிஞரே, 1840 இலே, ஆலைமுறையைத் தாக்கும் வேகத்திலே ஒரு தவறு செய்தார். ஆலையிலே வேலை பார்த்தவள் என்றாலே ஒரு பெண்ணின் பெயர் கெட்டுவிடுகிறது என்று எழுதிவைத்தார். சொன்னது ஆலையைக் குற்றஞ்சாட்ட, சுட்டதோ ஆலைப்பெண்ணை! அவ்வாண்டிலேயே பிறந்த 'ஆபரிங்' ஏட்டிலே, 'ஓர் ஆலைப்பெண்' என்ற பெயரோடு மறுப்பு வெளிவந்தது. எங்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச நீர் யார் என்பது அதன் சாரம். நிமிர்ந்த எழுத்து. ஏழைக்காகப் பேசுகிறவர் ஏழையிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு பேசுவது நல்லது என்பதை அந்தச் சிறு மறுப்பு இன்றைக்கும் நினைவூட்டுகிறது. மேடையேறும் நமக்கும் சேர்த்துத்தான்!

ஏடு பிறந்தது பாதிரியார் ஆபெல் தாமஸ் கூட்டிய அறிவு வளர்ச்சி வட்டத்திலே. ஒழுக்கம், இயற்கை, நினைவஞ்சலி, பழங்கதை என்று பக்கங்கள் நிரம்பின. நடை பெரும்பாலும் கடன் வாங்கிய நடை. ஆங்கிலப் பெருமக்களின் ஏடுகளைப் படித்துப் பழகிய கைகள் அவ்வாறே எழுதின. நிலவும் மலரும் கல்லறையும் வந்து வந்து போகின்றன. இவற்றிலே நாம் நீண்ட நேரம் தங்க வேண்டியதில்லை. நம்மூர்ப் பத்திரிகைகளிலே நிலாக் கவிதை படித்துச் சலித்தவர்களுக்கு அது விளங்கும்.

நாம் தங்க வேண்டிய இடம் வேறு. 1841 இலே வெளிவந்த 'அதிருப்தி மனப்பான்மை' என்று பொருள்படும் ஓர் உரையாடல். எல்லன் என்ற பெண் தன் தோழியிடம் வெடிக்கிறாள்: நான் போகிறேன், நாளையே அறிவிப்புக் கொடுக்கப்போகிறேன். விடியுமுன் மணி, வேலைக்கு மணி, உணவுக்கு மணி, இரவிலும் மணி! மணியோசைக்குக் கட்டுப்பட்ட பொறியா நான்? இதுதான் அவள் கேள்வி. உடனே தோழி அமைதியாக எடுத்துரைக்கிறாள்: கிராமத்திலே உனக்கு என்ன வாழ்வு இருந்தது? மாதாகோவிலுக்கே தொலைதூரம் நடந்தாய், இங்கே நல்லறிஞர்களின் சொற்பொழிவு கேட்கிறாய், காசும் சேர்க்கிறாய். எல்லன் அடங்குகிறாள், மனநிறைவு பெறுகிறாள், கதை முடிகிறது.

விமர்சகனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இதை எழுதியவர் யாரை நம்பி எழுதினார்? எல்லனின் குமுறலிலே இரத்தம் ஓடுகிறது. தோழியின் அறிவுரையிலே மை மட்டுமே ஓடுகிறது. குமுறல், காதிலே மணி அடித்து அடித்துப் புண்பட்டவள் சொல்லக்கூடியது. அறிவுரை, ஆலையைப் பார்க்கவந்த விருந்தினருக்குக் கணக்கப்பிள்ளை எடுத்துரைக்கக்கூடியது. எழுதியவர் முடிவைத் தோழிக்குத் தந்துவிட்டார்; வலிமையை எல்லனுக்குத் தந்துவிட்டார். முடிவு, ஏட்டிலே அச்சேறுவதற்கான நுழைவுச்சீட்டு. உண்மை, அந்தச் சீட்டைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது!

இதேபோல் 1844 இலே வந்த 'சூசனின் கடிதங்கள்'. எழுதியவர் ஏட்டின் ஆசிரியை ஹாரியட் பார்லியே என்று கருதப்படுகிறது. கிராமத்துப் பெண் புதிதாக ஆலைக்கு வந்து தோழிக்கு எழுதுவதாக அமைப்பு. மொத்தத்திலே, அஞ்ச வேண்டாம், பழகிவிடும் என்றுதான் கடிதங்கள் ஆறுதல் கூறுகின்றன. ஆனால் போகிறபோக்கிலே என்னென்ன சொல்கின்றன! ஆலையை விட்டு வெளியே வந்த பின்னும் காதுக்குள்ளே சிள்வண்டும் தவளையும் கத்துவதுபோன்ற இரைச்சல். நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்குவதால் பெரிய அளவுச் செருப்பு வாங்க வேண்டியிருக்கிறது. தறியை நிறுத்தவும் ஓட்டவும் வலக்கையே பயன்படுவதால், அது இடக்கையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

வலக்கை பெரிதாகிவிட்டது! ஓர் உடலையே தறி தன் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டதை ஒரே வரியிலே சொல்லிவிட்டு, சூசன் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறாள். கண்ணீர் இல்லை, கூச்சல் இல்லை. 'ஆபரிங்' ஏட்டின் பக்கங்களிலே நம்மை நிறுத்திவைக்கும் வரிகள் இத்தகையவையே. ஏட்டின் கொள்கையை மீறி அல்ல, கொள்கையின் கண்ணிலே படாமல் வந்த வரிகள்.

கொள்கை என்ன? கூலி, வேலை நேரம் ஆகியவற்றிலே ஏடு தலையிடாது என்பது. ஆனால் அதே ஊரிலே, ஏடு பிறப்பதற்கு முன்பே, 1834 பிப்ரவரியிலே கூலி குறைக்கப்படுவதை எதிர்த்துச் சுமார் 800 பெண்கள் ஆலையை விட்டு வெளியேறி ஊர்வலம் வந்திருந்தனர். 1836 இலே, விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது அதனினும் பெருந்தொகையினர் வெளியேறினர். அப்போது 11 வயதுச் சிறுமியாக இருந்த ஹாரியட் ஹான்சன், பெரியவர்கள் தயங்கி நின்ற வேளையிலே, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் என்று முன்னே நடந்தார்; பின்னே திரும்பிப் பார்த்தால் அறை முழுவதும் நடந்து வந்தது! விடுதிப் பொறுப்பிலிருந்த அவருடைய தாய், மகளை அடக்கத் தெரியாதவர் என்று வேலைநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சிறுமி வளர்ந்து 'ஆபரிங்' ஏட்டிலும் எழுதினார். ஆனால் இந்த நிகழ்ச்சியை நாம் விரிவாகப் படிப்பது 1898 இலே அவர் வெளியிட்ட 'தறியும் கதிரும்' என்ற நினைவுநூலிலேதான். தன் வாழ்விலே நடந்த பெருஞ்செயலை எழுத ஒரு பெண் 62 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது!

இனி சாரா பாக்லி. இவருடைய வாழ்க்கையே 'ஆபரிங்' ஏட்டின் மீது எழுதப்பட்ட கூர்மையான விமர்சனம். 1840 இலே அந்த ஏட்டிலே 'ஆலை வாழ்வின் இன்பங்கள்' என்று எழுதியவர் இவர்தான். ஆலையிலா இன்பம் என்று கேட்பவருக்கு விடையாக அமைந்த கட்டுரை. சன்னலோரச் செடிகள், சிந்திக்கக் கிடைக்கும் நேரம், பெற்றோருக்குப் பணம் அனுப்பும் மகிழ்ச்சி என்று அடுக்கினார். ஐந்தே ஆண்டில், 1845 ஜூலை 4 ஆம் நாள், வோபர்ன் என்ற ஊரிலே நடந்த தொழிலாளர் கூட்டத்திலே, அதே ஏடு முதலாளிகளின் வாயாக இருக்கிறது என்றும், தாம் எழுதிய குறைகூறும் கட்டுரைகளை அது ஏற்கவில்லை என்றும் குற்றம் சாட்டினார். ஆசிரியை பார்லி மறுத்தார். செய்தித்தாள்களிலே வாதம் நடந்தது.

மாறிவிட்டாரே என்று கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு. மாறியது அவர் மட்டுமா? அந்த ஆண்டுகளிலே ஒரு பெண்ணுக்கு இரண்டு தறி என்பது மூன்று, நான்கு என்று உயர்ந்தது, பொறியின் வேகம் கூட்டப்பட்டது, துண்டுக்கூலி குறைக்கப்பட்டது, தம் பகுதியிலே அதிகம் உற்பத்தி செய்யவைத்த மேற்பார்வையாளருக்கு வெகுமதி தரப்பட்டது. சன்னலோரச் செடி அப்படியே இருந்திருக்கலாம்; அதைப் பார்க்க நேரம்தான் இல்லை. கண்டதைக் கண்டபடி 1840 இலும் எழுதினார். 1845 இலும் பேசினார். பகுத்தறிவாளன் செய்ய வேண்டியதும் அதுதானே?

1844 இறுதியிலே, பாக்லி முதலிய பெண்கள் லோவெல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் கண்டனர். நாளுக்குப் பத்து மணி நேர வேலை என்பது கோரிக்கை. மாசாசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு 2,000 க்கு மேற்பட்ட கையொப்பங்களோடு விண்ணப்பங்கள் சென்றன. விசாரணைக் குழுவின் தலைவர் வில்லியம் சூலர். யார் இந்த சூலர்? லோவெல் நகரச் செய்தித்தாள் முதலாளி. அதோடு, சில காலம் 'ஆபரிங்' ஏட்டுக்கும் உரிமையாளராக இருந்தவர்! விண்ணப்பத்திலே பெரும்பகுதி பெண்கள் கையொப்பமாதலால், பெண்களே நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும், வராவிட்டால் அக்கறையில்லை என்றே கொள்வோம் என்று எழுதினார். பெண்கள் பொதுமன்றத்திலே பேசக் கூசிய காலம். வரமாட்டார்கள் என்ற கணக்கு. வந்தார்கள்! 1845 பிப்ரவரி 13 ஆம் நாள், வந்து பேசினார்கள்.

அந்தச் சாட்சியம் குழுவின் அறிக்கையிலே சுருக்கமாகப் பதிவாகியிருக்கிறது. எலைசா ஹெமிங்வே என்ற நெசவுப்பெண் சொன்னது: கோடையிலே காலை 5 மணிக்கு வேலை தொடக்கம், இரவு 7 மணிக்கு முடிவு, காலை உணவுக்கு அரை மணி, பகல் உணவுக்கு முக்கால் மணி. அவர் வேலை செய்யும் அறையிலே ஏறத்தாழ 150 பேர். அங்கே மாலையிலும் காலையிலும் எரிவன 293 சிறு விளக்குகள், 61 பெரு விளக்குகள். காற்று கெட்டிருக்கிறது. நாள்தோறும் ஆறு பெண்களுக்குக் குறையாமல் நோயினால் வருவதில்லை. முப்பது பேர் வராத நாளும் உண்டு.

இலக்கிய விமர்சனத்திலே இந்த எண்கள் எதற்கு என்று கேட்கக்கூடும். நாம் சொல்கிறோம்: லோவெல் தந்த எழுத்துக்களிலே தலைசிறந்த பகுதிகளிலே இதுவும் ஒன்று! 293 விளக்கு என்று எண்ணியிருக்கிறாள் பாருங்கள். எண்ணியவளுக்கு அந்த அறை எவ்வளவு நீண்டதாக இருந்திருக்கும்! 'புகை சூழ்ந்த இருட்கூடம்' என்று ஒரு கவிஞர் எழுதியிருந்தால் மறந்திருப்போம். எண்ணை மறக்க முடியவில்லை.

குழுவினர் லோவெலுக்கும் நேரில் வந்தனர். ஆலைகளின் முன்னே புல்தரை இருப்பதையும் மரங்கள் நடப்பட்டிருப்பதையும் மலர்கள் வளர்க்கப்பட்டிருப்பதையும் கண்டு மகிழ்ந்தனர், அறிக்கையிலும் எழுதினர். சில தீமைகள் உண்டு, ஆனால் அவற்றைத் தீர்ப்பது சட்டமன்றத்தின் வேலையன்று என்று முடித்துவிட்டனர். மலரைப் பார்த்துவிட்டு மங்கையைப் பாராமல் போவதற்குப் பயிற்சி வேண்டும். 'ஆபரிங்' ஏட்டின் மலர்ப் பக்கங்கள் அந்தப் பயிற்சியைப் பலருக்கு அளித்தன என்பதே நம் குற்றச்சாட்டு. எழுதிய பெண்களுக்கு அந்த நோக்கம் இல்லை. அச்சிட்டுப் பார்வையாளர்களுக்குக் காட்டியவர்களுக்கு இருந்தது.

சங்கத்தார் சோர்ந்துவிடவில்லை. தங்களுக்கு வாக்குரிமையே இல்லாத நிலையிலும் சூலரை எதிர்த்துப் பிரசாரம் செய்தனர்; அடுத்த தேர்தலிலே அவர் தோற்றார். 1846 விண்ணப்பத்திலே 10,000 க்கு மேற்பட்ட கையொப்பங்கள். லோவெலிலிருந்து மட்டும் 4,000 க்கு மேல். 'தொழிலின் குரல்' என்று பொருள்படும் 'வாய்ஸ் ஆப் இண்டஸ்ட்ரி' என்ற ஏடு 1845 இலே லோவெலுக்கு வந்துசேர, பாக்லியும் தோழியரும் அதிலே எழுதினர். பிறகு அச்சுப்பொறியையே சங்கம் வாங்கிக்கொண்டது.

அந்த ஏட்டையும் கண்மூடிப் புகழ மாட்டோம். கவிதைகள் பல சந்தத்திலே நொண்டுகின்றன. வியப்புக்குறிகள் மிகுதி. (இதை எழுதும் நமக்கு அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.) 'அடிமை' என்ற சொல்லை அவர்கள் ஆண்ட முறையையும் எடுத்துப் பேச வேண்டும். 'லோவெல் அடிமைத்தனம்' என்று எழுதினர். வேதனை உண்மை, ஒப்புமை முழு உண்மையன்று. அவர்கள் நூற்ற பருத்தி, தென் மாநிலங்களிலே விலைக்கு விற்கப்பட்ட நீக்ரோ மக்கள் பறித்தது. லோவெலிலே நெய்த முரட்டுத்துணி திரும்பவும் தெற்கே சென்று அந்த அடிமைகளுக்கே உடையாயிற்று. 'லோவெல்' என்பதே அந்தத் துணிக்குப் பெயராக வழங்கியது. அறிவிப்புக் கொடுத்துவிட்டு ஊர் திரும்ப எல்லனால் முடியும். பருத்திக்காட்டுப் பெண்ணால் முடியாது. பாவிலும் ஊடையிலும் அந்தப் பெண்ணின் விரல் பட்டிருப்பதை உணர்ந்து எழுதியவர் லூசி லார்கம். 'ஆபரிங்' எழுத்தாளர்களிலே பின்னர் பெரும்புகழ் பெற்றவர். 11 வயதிலே ஆலைக்குள் நுழைந்த அவர், ஆலையை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய 'நெசவு' என்ற கவிதையிலே அதைச் சொன்னார்.

அப்படியானால் 'ஆபரிங்' வீணா? அப்படிச் சொல்லும் விமர்சகர்களோடு நாம் உடன்படவில்லை. கூட்டத்திலே எழுந்து தன் எழுத்தைப் படிக்கவும், பிறர் திருத்தக் கேட்கவும், அச்சிலே தன் சொல்லைக் காணவும் அந்தப் பெண்கள் பழகியது அங்கேதான். நிலாவைப் பற்றி எழுதிப் பழகிய கையே பிறகு விண்ணப்பமும் எழுதியது. பாதிரியார் கொடுத்த பேனா. ஆனால் பேனா, கொடுத்தவர் சொற்படியே எப்போதும் நடப்பதில்லை.

'ஆபரிங்' 1845 இறுதியிலே நின்றது. 'தொழிலின் குரல்' 1848 இலே ஓய்ந்தது. ஐரிஷ் நாட்டிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிவந்த ஏழை மக்கள் மேன்மேலும் தறிகளின் முன்னே வந்து நின்றனர். அவர்களைப் படமாகப் போட்டு மகிழ அட்டைகள் இல்லை. மாசாசூசெட்ஸிலே பெண்களுக்கும் சிறார்க்கும் பத்து மணி நேரச் சட்டம் வந்தது 1874 இலே. சாட்சி சொன்ன நாளிலிருந்து 29 ஆண்டு. பாக்லி தந்தி நிலையப் பணிக்குச் சென்றார். அங்கும், தமக்கு முன் அதே நாற்காலியிலே இருந்த ஆடவருக்குத் தந்ததைவிடக் குறைந்த ஊதியமே தமக்குத் தரப்படுவதை அறிந்து எழுதிவைத்திருக்கிறார்.

இன்றைக்கு லோவெலின் ஆலைக் கட்டடங்களிலே சில அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. 'ஆபரிங்' இதழ்களின் தேர்ந்த தொகுப்பு 1977 இலே வந்தது. தாமஸ் டப்ளின் என்ற வரலாற்றாசிரியர் கம்பெனிகளின் கூலிக்கணக்குகளையே புரட்டி ஆராய்ந்து 1979 இலே நூல் வெளியிட்டார். நம் தோழர்களிலே ஆங்கிலம் நன்கு கற்றோர் இவற்றைத் தமிழிலே தர முன்வருவார்களானால், எல்லனின் உரையாடலையும் சூசனின் கடிதங்களையும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்; அவற்றோடு, அதே நூலிலே, அடுத்த பக்கத்திலேயே, அந்த 293 விளக்குகளின் சாட்சியத்தையும் அச்சிடட்டும். நிலாக் கவிதைகள் பிறகு வரலாம், அவசரமில்லை.